தீர்வாளர் இசக்கியப்பன்

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் செவ்வாயின் மேலச்சுரங்கத்தில் வீட்டுக்கு வீடு முதுகைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கணவன் மனைவியின் முதுகுமூடியைத் திருகிக் கழற்றி, மூச்சுச்சுழலியின் வடிகட்டியை எடுத்துத் தட்டி, சிவப்புத் தூசியைத் துடைத்துத் திரும்ப மாட்டுவான். பிறகு மனைவி அவனுக்குச் செய்வாள். வாரம் முழுக்க முகம் பார்க்காமல் சண்டை போட்ட தம்பதிகள்கூட அந்தக் கொஞ்ச நேரம் "மூச்சை இழு", "விடு" என்றாவது பேசிக்கொண்டாக வேண்டும். அந்த ஊரில் விவாகரத்து குறைவு என்பதற்கு அன்பைக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. தன் முதுகுத் திருகைத் தானே கழற்ற முடியாது என்பதுதான் உண்மையான காரணம்.

செவ்வாய்த் தூசி சலித்த மாவை விட மெல்லியது. எத்தனை கதவு வைத்து அடைத்தாலும் உள்ளே வந்துவிடும். வந்தால் நுரையீரலில் குடியிருக்கும், வாடகை தராது, காலி செய்யாது. குடியேறிகள் எல்லாருக்கும் தோள்பட்டைக்குக் கீழே ஒரு சுழலி வைத்துவிடுவது இதனால்தான். கட்டைவிரல் நகத்தளவு டைட்டானியக் காற்றாடி அது. சுற்றினால் மூச்சு வரும். நின்றால் கைத்துருத்தியை முதுகில் மாட்டி யாராவது அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இசக்கியப்பன் தன் மனைவி செண்பகவல்லியின் மூடியைத் திறந்தபோது, சுழலி வழக்கமான ரீங்காரத்துக்குப் பதிலாகக் கரகரவென்றது. விளக்கை வைத்துப் பார்த்தான். ஓர் இதழில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல்.

"என்னங்க, பேச்சையே காணும்? உள்ள எலி எதுவும் இருக்கா?" என்றாள் செண்பகவல்லி.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் தூசி."

"பொய் சொன்னா உங்க மூச்சு என் கழுத்துல சுடும். இப்ப சுடுது. என்னன்னு சொல்லுங்க."

சொன்னான்.

சுழலி செய்கிற கம்பெனி பூமியில் இருந்தது. உடனே செய்தி அனுப்பினார்கள். உடனே பதிலும் வந்தது. பதில் மட்டும் எப்போதும் உடனே வரும். 'தங்கள் மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது. புதிய மாடலுக்கு மாறி, நவீன சுவாசத்தின் புத்துணர்வைப் பெறுங்கள்.' புதிய மாடலைப் பொருத்த முதுகெலும்புப் பக்கம் புதிதாகக் குடைய வேண்டும். அதற்கான கருவிகள் அடுத்த கப்பலில் வரும். பூமியும் செவ்வாயும் பக்கத்தில் வரும்போதுதான் கப்பல். அது அடுத்த வருஷம். விரிசல் அடுத்த வருஷம்வரை பொறுக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று மாலையே செண்பகவல்லிக்குப் படியேற முடியவில்லை. இசக்கியப்பன் துருத்தியை எடுத்தான்.

துருத்தியில் ஒரு விசேஷம் உண்டு. அமுக்கும்போதுதான் மாட்டியிருப்பவருக்குப் பேச்சு வரும். கையை நிறுத்தினால் பேச்சும் பாதியில் நின்றுவிடும். கல்யாணமான ஆண்கள் பலர் மனசுக்குள் ஆசைப்படுகிற ஏற்பாடு. இசக்கியப்பன் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. "நீங்க வச்சிருக்கீங்கல்லா," என்றாள் அவள், ஓர் அமுக்கலில். அடுத்த அமுக்கலில், "அந்த எருமை." அதற்கடுத்ததில், "அதுட்ட ஒண்ணு செஞ்சு தரச் சொல்லுங்களேன்."

அவள் எருமை என்றது அவனுடைய செதுக்கியை. இசக்கியப்பன் நீர்ப் பங்கீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. யார் வீட்டுக்கு எத்தனை குடம் என்று பார்ப்பது தொழில். ஓய்வு நேரத்தில் கம்பி சுற்றுவது பைத்தியம். செத்துப்போன மண்வண்டியின் மோட்டார்கள், கழித்துக்கட்டிய லிஃப்டின் கட்டுப்பாட்டு அட்டை, எந்தக் கதவிலிருந்து வந்தது என்று கேட்கக் கூடாத நான்கு திருகு தண்டுகள், எல்லாம் சேர்த்து ஒரு பொறி செய்திருந்தான். கணினி சொல்கிறபடி அதன் கத்தி மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்ந்து உலோகத்தைக் குடைந்து உருவம் எடுக்கும். இதுவரை அது எடுத்த உருவங்கள்: சில சாவிக்கொத்துகள், அலுவலக மேலாளருக்கு ஒரு பெயர்ப்பலகை (ஓர் எழுத்து குறைவு), செண்பகவல்லிக்கு ஓர் இடியாப்ப அச்சு. அந்த அச்சில் பிழிந்தால் இடியாப்பம் நூல்நூலாக வராமல் நாடா நாடாவாக வரும்.

சுழலியின் வரைபடத்தை எப்படியோ பிடித்தான். பழைய மண்வண்டியின் அச்சுத்தண்டு டைட்டானியம்தான். அதை வெட்டித் துண்டுகள் போட்டான். முதல் துண்டை மாட்டி, கத்தியை ஓடவிட்டான். எருமை முனகிக்கொண்டே வேலை பார்த்தது. முதல் இதழ் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதின் நடுவில் பொறி நின்று, சிவப்பு விளக்குப் போட்டுக் கத்தியது: "எல்லை தாண்டிவிட்டது! எல்லை தாண்டிவிட்டது!"

கத்தி ஓடுகிற பாதையின் ஒவ்வொரு கோடியிலும் ஒரு சுவிட்ச் இருக்கும். எல்லைச் சுவிட்ச் என்பார்கள். கத்தி வழிதவறி அதுவரை போய் முட்டினால் பொறி தானாக நின்றுவிடும்; தன் தலையைத் தானே உடைத்துக்கொள்ளாமல் இருக்க. ஆனால் இப்போது கத்திக்கும் எல்லைக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருந்தது. எதுவும் எதையும் தொடவில்லை. நின்ற இடத்தில் கத்தி இதழில் ஒரு பள்ளம் பறித்திருந்தது. துண்டு வீண்.

இசக்கியப்பன் கோளாறு பார்க்கிற முறை, நம்மில் பலர் பார்க்கிற முறைதான். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினான். சுவிட்சை மாற்றினான், கம்பியை மாற்றினான், கட்டுப்பாட்டுப் பெட்டியை இடம் மாற்றினான், மென்பொருளைப் புதுப்பித்தான், சுரங்கத்தில் நெருப்புக்குத் தடை என்பதால் மின்சூடம் ஒன்றை எரியவிட்டு எருமைக்கு மூன்று சுற்றுக் காட்டினான். இரண்டாவது துண்டு நான்காம் இதழில் போயிற்று. மூன்றாவது முதல் இதழிலேயே.

வேறு வழியில்லாமல் கோளாறுக்கூடத்தில் கேட்டான். சூரியக் குடும்பம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் கம்பிப் பைத்தியங்கள் கூடுகிற வலைமன்றம் அது. ஒளி போய் வருகிற நேரம் ஆகும் என்பதால் பதில்கள் நிதானமாக வரும். வருகிறவற்றில் நிதானம் இருக்காது. கவசக் கம்பியை ஒரு முனையில் மட்டும் எர்த் செய் என்றார் ஒருவர். இரண்டு முனையிலும் செய்யாதவன் மடையன் என்றார் அடுத்தவர். எங்கள் வீட்டில் எர்த்தே கிடையாது, ஜம்மென்று ஓடுகிறது என்றார் மூன்றாமவர். அதற்குப் பிறகு அவரிடமிருந்து எந்தப் பதிவும் இல்லை. வேறு பொறி வாங்கு என்று ஒரு நல்ல மனசுக்காரர் சொன்னார்.

கடைசியாக மின்னரசு வந்தார். நிலவில் இருந்தார், கூடத்தில் அவர்தான் பெரிய தலை. 'வணக்கம். கேட்பதற்கு முன் பழைய பதிவுகளைப் படிக்கும் வழக்கம் உண்டா? சுவிட்சுக் கம்பியில் மின் இரைச்சல் ஏறி, தொடாததைத் தொட்டதாகக் காட்டுகிறது. எர்த் போட்டிருக்கிறீரா, அல்லது ஆண்டவன் விட்ட வழியா?'

இசக்கியப்பனுக்குச் சுருக்கென்றது. பூமியில் எர்த் போடுவது சுலபம்: குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி, தகட்டை இறக்கினால் தீர்ந்தது. செவ்வாய் மண் எலும்பாய் உலர்ந்தது, மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. அதனால் சுரங்கத்தைத் தாங்கி நிற்கிற இரும்பு விலாக்களில்தான் எல்லா வீட்டு எர்த்தும் போய்ச் சேரும். இதெல்லாம் தெரியாத ஆளா அவன்? அலுவலகத்திலேயே உட்கார்ந்து, குடிநீர்க் குறைகளை ஓரமாக நகர்த்திவிட்டு, 'எர்த்: அடிப்படைகளும் சில விளக்கங்களும்' என்று ஒரு நீண்ட பதிவு எழுதினான். விலாவின் தடிமன், கம்பியின் குறுக்களவு, வளையம் பொருத்தும் முறை, எல்லாம் படங்களோடு. முடிவில், 'என் எர்த்தைப் பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டாம்' என்று போட்டான். அந்தப் பதிவுக்கு எல்லாக் கோள்களிலிருந்தும் நன்றி குவிந்தது. மின்னரசே ஒரு வார்த்தை எழுதினார்: 'செம்மை.'

எருமை அன்றும் நின்றது.

மறுநாள் கூடத்தில் புதிதாக ஒரு பெண் எழுதியிருந்தாள்.

'அண்ணா, வணக்கமுங்க. நான் சீரிஸ்ல இருந்து தவமணி. எனக்கும் இதே கோளாறுங்க. என்ற தம்பி சென்னியப்பனுக்குச் சுழலி போயிருச்சு. அதே மாடலுங்க. நானும் பக்கத்து ஊட்டுக்காரம்மாவும் மாத்தி மாத்தித் துருத்தி போட்டுட்டு இருக்கறமுங்க. உங்களுக்கு வெவரம் ஆச்சுன்னா ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்கு ஆச்சுன்னா நான் சொல்றேன்.'

சீரிஸ் என்பது செவ்வாய்க்கு அப்பால் சுற்றும் குறுங்கோள். அங்கே உறைந்து கிடக்கும் தண்ணீரை உருக்கி இறைக்கிற வேலை. கொங்கு நாட்டார்தான் அதிகம். பம்பு செட் எங்கே ஓடினாலும் அவர்கள் அங்கே இருப்பார்கள்.

இசக்கியப்பன் அதைச் செண்பகவல்லிக்கு வாசித்துக் காட்டினான். அவள் துருத்தியின் தாளத்தில் கேட்டாள்: "பாவம். எத்தன வயசாம். அந்தத் தம்பிக்கு?"

"தெரியல. கேக்கேன்."

"கேக்காதீங்க. சங்கடப்படும். கண்டிப்பாச் சொல்லுதேன்னு எழுதுங்க."

'கண்டிப்பாச் சொல்லுதேன் தங்கச்சி' என்று எழுதினான். எழுதும்போது கண் கலங்கிற்று. அந்த நேரத்தில் அவன் எழுதியது முழு உண்மை, அதில் சந்தேகமில்லை.

தவமணி கோளாறு பார்க்கிற முறை வேறு. அவள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். மாற்றியதையும் நடந்ததையும் அப்படியே எழுதுவாள். தோற்றதையும் மறைக்க மாட்டாள். 'இன்னிக்குச் சுவிட்சுக் கம்பிய மட்டும் மாத்துனேன். அப்பவும் நின்னுருச்சுங்க. அதனால கம்பி மேல தப்பில்ல.' அடுத்து: 'இன்னிக்கு மென்பொருள மட்டும் பழசுக்கு மாத்துனேன். வித்தியாசமில்லீங்க.' கூடத்தில் சிலர், இந்தப் பெண் ஒன்றொன்றாகச் சொல்லி இடத்தை அடைக்கிறாள் என்று சலித்துக்கொண்டார்கள். நன்றிப் பொத்தானை யாரும் அழுத்தவில்லை.

செண்பகவல்லியின் விரிசல் இதழின் அடிவரை போயிருந்தது. இப்போது சுழலி பகலில் பாதி நேரம்தான் சுற்றியது. மீதி நேரத்துக்கு இசக்கியப்பனின் கை. விடுப்பு எடுத்துக்கொண்டான். துருத்தி அமுக்கி அமுக்கி வலது உள்ளங்கையில் தோல் உரிந்து, இடது கைக்கு மாறி, அதுவும் உரிந்தது. எதிர்வீட்டு அம்மாள் வந்து கொஞ்ச நேரம் கைமாற்றிவிடுவாள். அப்போது அவன் எருமையிடம் ஓடுவான். அச்சுத்தண்டில் கடைசித் துண்டு ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதை மாட்டுவதற்குப் பயந்து, வெறும் காற்றில் கத்தியை ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்த்தான். அதிலும் நின்றது.

"ஏங்க," என்றாள் செண்பகவல்லி ஒரு மதியம். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா. அந்த எருமைய. உடைக்கக் கூடாது. என்ன?"

"ஏட்டி, சும்மா கெட."

"இடியாப்ப அச்ச மட்டும். தூக்கிப் போடுங்க."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அமுக்கினான். அமுக்கலுக்கு அமுக்கல் அவள் சிரிப்பும் துண்டு துண்டாக வந்தது.

அந்த வாரம் தவமணியிடமிருந்து நீளமாக ஒரு பதிவு வந்தது. 'அண்ணா, இன்னிக்குக் கத்தி மோட்டாரை மட்டும் கழட்டி வெச்சுட்டு மத்ததெல்லாம் ஓட்டுனேன். ஒரு தடவகூட நிக்கலைங்க. மோட்டாரை மாட்டுனா நிக்குது. அப்ப இரைச்சல் மோட்டார்ல இருந்துதான் வருது. வரட்டும், எல்லா மோட்டார்லயும் வரும். அது எர்த்து வழியா எறங்கிப் போயிறோணும். போகாம சுவிட்சுக் கம்பில ஏறுது. எர்த்துக் கம்பியோட ஒரு முனைல இருந்து இன்னொரு முனைக்கு மீட்டர் வெச்சுப் பாத்தேன், நல்லாத்தான் காட்டுதுங்க. அப்பறம் ஏன் எறங்கலைன்னுதான் வெளங்கலை. தம்பிக்கு ரொம்ப முடியலைங்க. அவனைப் பாத்துட்டு வந்து நாளைக்கு மறுபடி பாக்கறேன்.'

இசக்கியப்பன் அதை இரண்டு தடவை படித்தான். அவனும் கம்பியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத்தான் அளந்திருந்தான். கம்பிக்கும் விலாவுக்கும் நடுவே அளந்ததில்லை. மீட்டரை எடுத்துப் போய், ஒரு முள்ளைப் பொறியின் உடம்பில் வைத்து, இன்னொன்றை விலாவில் வைத்தான். மீட்டர் அசையவில்லை. முள்ளை நகர்த்தி வேறு இடத்தில் வைத்தான். அசையவில்லை. அப்போதுதான், விலாவில் இரும்பென்று சொல்ல ஓர் இடமும் இல்லை என்பது அவன் கண்ணில் பட்டது. மேலிருந்து கீழ்வரை அழகான வானநீலம்.

செவ்வாய்க்கு வந்தும் நம்மவர்கள் பொங்கலை விடவில்லை. பொங்கல் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். சுரங்கத்தில் சுவர் கிடையாது என்பதால் விலாவுக்குப் பெயிண்ட். மற்ற வீடுகளில் அவசரமாக அடிப்பார்கள். கம்பி, போல்ட், வளையம், உட்கார்ந்திருக்கும் பல்லி பொம்மை எல்லாவற்றுக்கும் மேலாகத் தூரிகை போய்விடும். மேலே பூசியதால் கெடுதல் இல்லை, அடியில் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும். இசக்கியப்பன் சுத்தக்காரன். எர்த்துக் கம்பியை விலாவோடு இணைக்கும் வளையத்தை ஒழுங்காகக் கழற்றி, விலாவை இரண்டு பூச்சுப் பூசி, போல்ட்டின் மரைக்குள்ளும் நீலத்தை இறக்கி, நன்றாகக் காய்ந்த பிறகு, மின்சாரம் புகாத பெயிண்டின் மேலேயே வளையத்தை வைத்துக் கிண்ணென்று இறுக்கியிருந்தான்.

சமையல் கத்தியை எடுத்தான். வளையத்தைக் கழற்றி, அடியிலும் மரையிலும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினான். இட்லி வேகிற நேரம்கூட ஆகவில்லை. மாட்டி இறுக்கினான். காற்றில் ஓடவிட்டான். ஓடியது. மறுபடி ஓடவிட்டான். ஓடியது. கடைசித் துண்டை மாட்டினான்.

எருமை முனகியது, மூன்றாம் இதழைத் தாண்டியது, நான்கு, ஐந்து. கடைசி இதழின் விளிம்பைச் சுற்றி வந்து, கத்தியைத் தூக்கிக்கொண்டு, 'வேலை முடிந்தது' என்றது. இசக்கியப்பன் சுழலியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான்.

சுழலியைப் பொருத்திய பிறகு செண்பகவல்லி விட்ட முதல் பெருமூச்சைக் கேட்க எதிர்வீட்டு அம்மாள், அவள் கணவர், எல்லாரும் நின்றார்கள். அடுத்த மூச்சிலேயே அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. "என்ன கோளாறாம்?"

"எர்த்து. பெயிண்ட் மேல மாட்டிருக்கேன்."

"பொங்கலுக்கு அடிச்ச பெயிண்டா?"

"ம்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு, யாரும் அமுக்காமல் வந்த சிரிப்பு. "நான் அடிக்கச் சொன்னது வீட்டுக்குல்லா! போல்ட்டுக்கா சொன்னேன்? ஊருக்கெல்லாம் எர்த்து பாடம் எழுதுனீங்களே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கியதும், "அந்தப் புள்ளைக்கு எழுதிட்டீங்களா?" என்றாள்.

"எழுதுதேன்."

எழுதத்தான் உட்கார்ந்தான். கூடத்தைத் திறந்ததும் அவனுடைய 'அடிப்படைகளும் சில விளக்கங்களும்' முதலில் நின்றது. நன்றிகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. அதன் கீழே, 'என் எர்த்தைப் பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டாம்.' அதன் கீழே மின்னரசின் 'செம்மை.' இதற்கெல்லாம் கீழே போய், 'பெயிண்ட் இருந்தது, சமையல் கத்தியால் சுரண்டினேன்' என்று எப்படி எழுதுவது? மனைவியின் சிரிப்பு வீட்டுக்குள் இருக்கும். மின்னரசின் சிரிப்பு நிலவிலிருந்து கிளம்பி ஒவ்வொரு கோளாகப் போகும்.

தவமணிக்குத் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். பொதுவில் ஒரு வரி மட்டும் போட்டான்: 'சரியாகிவிட்டது. எல்லாருக்கும் நன்றி.'

கூடத்தை நிர்வகிப்பது நடுவன் என்ற பொறியறிவு. அது கேட்டது: 'கோளாறு தீர்ந்ததா?' ஆம் என்றான். நடுவன் பக்கத்தின் மேல் 'தீர்ந்தது' என்று முத்திரை குத்தி, இனி வேறு யாரும் அங்கே எழுத முடியாதபடி பூட்டியது.

தனிக் கடிதத்தையும் அன்றே தொடங்கினான். 'தங்கச்சி' வரை சுலபமாக வந்தது. பிறகு, அவளும் இதைக் கூடத்தில் அப்படியே எடுத்துப் போடுவாளே என்று தோன்றியது. அவள்தான் எதையும் மறைக்கிறவள் இல்லையே. ஆகவே யார் படித்தாலும் குறைவாக நினைக்காதபடி ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. 'தொடுபரப்பில் ஏற்பட்ட மின்காப்புப் படலம்' என்று எழுதிப் பார்த்தான். அவளுக்குப் புரியுமா? அடித்தான். 'இடைமுகத் தடை.' அடித்தான். பெயிண்ட் என்ற சொல் இல்லாமல் பெயிண்டைச் சொல்ல அந்த வாரம் முழுக்க முயன்றான். நடுவில் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அலுவலகத்தில் மேலாளர் எல்லாரையும் கூட்டி, நம் குமாஸ்தா மனைவியின் மூச்சைத் தன் கையால் செய்தவர் என்று பேசினார். பாராட்டுகிறவர்களை நிறுத்தி, ஒரு நிமிஷம், எனக்கு ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

தவமணி அதற்குள் புதிதாக ஒரு கேள்வி போட்டிருந்தாள். 'இசக்கியப்பண்ணாவுக்குச் சரியாயிருச்சுன்னு பாத்தேன், ரொம்பச் சந்தோசமுங்க. எப்படின்னு ஆராச்சும் சொல்லுங்க.' நடுவன் உடனே பதில் சொன்னது: 'இக்கோளாறு ஏற்கெனவே தீர்க்கப்பட்டது. விடைக்கு, இசக்கியப்பன் பக்கத்தைப் பார்க்க.' கேள்வி மூடப்பட்டது. இசக்கியப்பன் அதைப் பார்த்தான். இன்றே அனுப்பிவிட வேண்டும் என்று வாக்கியத்தை மறுபடி திருத்த உட்கார்ந்தான். ஏறக்குறைய நன்றாக வந்துவிட்டது.

அடுத்த முறை கூடத்தைத் திறந்தபோது அவள் பதிவு ஒன்று அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது.

'தம்பி வெள்ளிக்கெழம போயிட்டானுங்க. காரியம் முடிஞ்சு, இனி மிசினு எதுக்குன்னு பிரிக்கலாம்னு எர்த்துக் கம்பியக் கழட்டுனேன். வளையத்துக்கு அடில பெயிண்ட்டுங்க. பொங்கலுக்கு நாந்தான் கழட்டி வெச்சு அடிச்சு மறுக்கா மாட்டுனேன். சொரண்டிட்டுச் சும்மா ஓட்டிப் பாத்தேன். ஒரு தடவகூட நிக்கலைங்க. எழுதக் கூச்சமாத்தான் இருக்குது. எனக்கு இனி வேண்டியதில்ல, ஆருக்காச்சும் ஆகும். எர்த்து வளையத்தக் கழட்டி அடில பாருங்க. இசக்கியப்பண்ணா, அண்ணி நல்லா இருக்காங்களா?'

அவன் படித்து முடிப்பதற்குள் எழுத்துகள் மங்கின. அந்த இடத்தில் நடுவனின் குறிப்பு வந்தது: 'ஏற்கெனவே தீர்க்கப்பட்ட கோளாறு. மறுபதிவு நீக்கப்பட்டது. விடைக்கு, இசக்கியப்பன் பக்கத்தைப் பார்க்க.'

பிறகு தன் பக்கத்துக்குப் போனான். இதே கோளாறோடு வந்த எல்லாரையும் நடுவன் அங்கே அனுப்பிவைத்ததில் அது கூடத்திலேயே அதிகம் பார்க்கப்பட்ட பக்கமாகியிருந்தது. அவன் பெயருக்கு முன்னால் பொன்னிறத்தில் ஒரு சொல் சேர்ந்திருந்தது: தீர்வாளர். மின்னரசுக்குக்கூட அது கிடையாது. திருத்து என்ற பொத்தானை அழுத்தினான். நடுவன் கேட்டது: 'திருத்தினால் தங்கள் விடை மறுபரிசீலனைக்குப் போகும். அதுவரை பட்டம் நிறுத்திவைக்கப்படும். தொடரலாமா?'

அடுக்களையிலிருந்து செண்பகவல்லி பாட்டொன்றை முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. இசைஞானம் கிடையாது, மூச்சு மட்டும் அபாரம். "ஏங்க, சாப்பிட வாங்க. ஆறுது," என்றாள்.

"இந்தா வந்துட்டேன்."

நாளைக்கு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்தை மூடப்போனான். அந்த நேரம் பார்த்து ஒரு தனிச்செய்தி வந்தது. வியாழனின் துணைக்கோளான கேனிமீடிலிருந்து காதர் மைதீன் என்பவர். 'தீர்வாளர் அண்ணனுக்கு சலாம். உம்மாவுக்குச் சுழலி போயிட்டு. மிஷின் நடுவுல நின்னுக்கிட்டே இருக்கு. உங்க பக்கத்தைப் பாத்தேன், விவரம் ஒண்ணும் இல்லியே. எப்படிச் சரி பண்ணினீங்க?'

இசக்கியப்பனுக்கு ஆசுவாசமாக இருந்தது. இவருக்காவது சொல்லிவிடலாம். வேகமாக எழுதினான்: 'எர்த்தை நல்லாப் பாருங்க.' பெயிண்ட் என்று அடுத்த வரியை ஆரம்பித்து, 'பெ' வரை வந்து, அழித்தான். எர்த் என்று சொன்னாலே போதும், விவரமான ஆள் கண்டுபிடித்துக்கொள்வார். பொய் எதுவும் சொல்லவில்லை. அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனான்.

சாப்பிட்டுக் கைகழுவி, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து வந்தபோது பதில் காத்திருந்தது. 'பாத்துட்டேண்ணே. கம்பி கிண்ணுன்னு இருக்கு. மீட்டரும் நல்லாக் காட்டுது. எர்த்துல ஒரு குறையும் இல்ல. வேற என்னவா இருக்கும்?'

தீர்வாளர் சிறிது யோசித்தார். பட்டம் வந்த பிறகு நாமும் மரியாதை கொடுக்கத்தானே வேண்டும். பிறகு, தனக்கு அந்தக் காலத்தில் யாராவது இப்படி நாலு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும் என்று நினைத்து, மனசார எழுதினார்:

'விடாம முயற்சி பண்ணுங்க தம்பி. கண்டிப்பா சரியாயிரும்.'

அது கேனிமீடைப் போய்ச் சேர நெடுநேரம் ஆயிற்று. காதர் மைதீன் அதைப் படித்துவிட்டு நன்றிப் பொத்தானை அழுத்தினார். ஒற்றைக் கையால்தான் அழுத்தினார். இன்னொரு கை துருத்தியில் இருந்தது.